நடுவில் கோடில்லாத மாத்திரை

3-11-86, திங்கள்

விடிஞ்சதுல இருந்து பனிமூட்டம். கொடியில போட்ட துணி மூணு நாளாக் காயல. டெலிபோன் எக்சேஞ்ச்ல டூட்டி 7–2. சேலம் லைன் ரெண்டு தடவை செத்து ரெண்டு தடவை பொழைச்சுது.

தூரமாகி அம்பத்தாறு நாள். டூட்டி முடிஞ்சு நேரா லேடி டாக்டர்கிட்டப் போனேன். "ரெண்டு மாசம்மா" ன்னாங்க. நொம்ப சந்தோஷம். அஞ்சு நிமிஷம் இருந்துச்சு அந்த சந்தோஷம். "வேற மாத்திரை ஏதாச்சும் சாப்பிடறயா?" ன்னு கேட்டாங்க. சொன்னேன். எழுதிட்டிருந்த பேனாவை மூடி வெச்சுட்டாங்க. "ஏம்மா, படிச்ச புள்ளதான நீ? மாசமாகறதுக்கு முன்னாடியே கேட்டிருக்க வேண்டாமா? சேலத்துல உன் டாக்டரைப் போய்ப் பாரு. அதுவரைக்கும் நீயா எதையும் நிறுத்திப்போடாத."

படிச்ச புள்ளதான். எஸ்.எஸ்.எல்.சி. எந்தப் பாடத்துல இது இருந்துச்சாம்?

சேலத்து டாக்டரு எப்பவும் சொல்வாரு, வந்தா தேதி போட்டு எழுதி வைங்கன்னு. நாலு வருஷமா எழுத ஒண்ணுமில்ல. இனிமே எழுதணும். லை.க. = லைன் கட். எக்சேஞ்ச்ல பேசிட்டிருக்கறப்பவே லைன் போயிருமில்ல, அப்படித்தான் நானும் போயிருவேன். விழுவேன், கை கால் இழுக்கும், நாக்கு கடிபடும், முழிச்சா சுத்தி நாலு மூஞ்சி. ஊர்ல அதுக்கு ஒரு பேரு இருக்கு. அதை இதுல எழுத மாட்டேன். யாராச்சும் எடுத்துப் படிச்சுட்டா?

தெரிஞ்சவங்க: எங்கப்பா, இவரு.
தெரியாதவங்க: அத்தை, ஆபீஸ், ஊரு ஒலகம்.

கல்யாணமாகி வந்த மொத வாரமே அத்தை கேட்டாங்க, "அது என்ன மாத்திரை கண்ணு?" "ரத்தம் கம்மிங்க அத்தை, இரும்புச் சத்து" ன்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். மூணு வருஷமா இரும்பு. அட்டையில பேரு இருக்கும்னு எல்லாத்தையும் பிரிச்சு ஒரு பழுப்பு பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன்.

5-11, புதன்

லீவு. காலை பஸ்ஸுல சேலம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாந்தி. பக்கத்து சீட்டுக்காரம்மா எலுமிச்சங்காய் குடுத்தாங்க. நல்லா இருக்கட்டும். இவரு வரல. காபிப் பழம் பறிக்கற சீசன், கொட்டச்சேட்டு எஸ்டேட்ல கணக்கு எழுதற ரைட்டர் இவரு, லீவு கேட்டா தொரை மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாராம்.

டாக்டரு சொன்னது, மறக்கறதுக்குள்ள:

பெரிய மாத்திரை (பெ.மா., தினம் மூணு) லை.க.வை நல்லாப் புடிச்சு வெச்சிருக்கு. ஆனா அதைச் சாப்பிட்ட சில தாய்மாருங்களுக்குப் பொறந்த கொழந்தைங்களுக்கு முதுகுத்தண்டு சரியா மூடாம இருந்திருக்கு. எல்லாருக்கும் இல்ல.

"அப்ப இன்னிக்கே நிறுத்திடறேங்க."

"நிறுத்தினா அது வரும். விடாம வந்துச்சுன்னா உங்க ரெண்டு பேரு உசிருக்கும் ஆபத்து."

மூணாவது வழி: புது மாத்திரை (பு.மா.). அதுல ஆபத்தே இல்லைன்னு யாரும் எழுதிக் குடுக்க மாட்டாங்களாம். இதைவிடக் கம்மின்னு நெனைக்கறாங்களாம். ஆனா என் ஒடம்புக்கு அது புடிக்குமா, லை.க.வை நிறுத்துமான்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.

"முதுகு?"

"அது இதுக்குள்ள உருவாகியிருக்கும்மா. ஆனது ஆயிருக்கும். நாலரை மாசத்துல ஸ்கேன் எடுத்துப் பாக்கலாம். ஆனா கொழந்தை வளர்றது இன்னும் எவ்வளவோ இருக்கே. யோசிச்சு நீங்களும் வீட்டுக்காரரும் சொல்லுங்க."

படிச்சது அவரு, முடிவு பண்றது நானு. நல்லா இருக்கு நியாயம்.

இன்னொண்ணு கேட்டாரு. "முன்னெல்லாம் வந்தப்ப எவ்வளவு நேரம் இருக்கும்?" எனக்கெப்படிங்க தெரியும், நான் அப்ப இருக்கறதில்லையேன்னேன். சிரிச்சுட்டாரு. நான் சிரிக்கறதுக்குச் சொல்லல.

8-11, சனி

ரெண்டு நாளா வாக்குவாதம். அத்தைக்குக் கேக்கக் கூடாதுன்னு கிசுகிசுன்னு சண்டை போடறது இருக்கே, அது பெரிய கொடுமை.

இவரு கட்சி: எல்லாத்தையும் நிறுத்து. எஸ்டேட் கம்பவுண்டர் சொன்னாராம், வாயும் வயிறுமா இருக்கறவ மாத்திரைய மோந்து கூடப் பாக்கக் கூடாதுன்னு. "நாலு வருஷமா வரலியே மல்லிகா. ஒருவேளை சரியாப் போயிருக்கும்."

சரியாப் போயிருக்குமாம்! பெ.மா. புடிச்சு வெச்சிருக்கறதால வரல. இவரு ஒரு தடவை கூடப் பாத்ததில்ல. கல்யாணத்துக்கு முன்னாடி, எஸ்டேட்டுக்கு ட்ரங்க் கால் போட்டுக் குடுக்கற குரலாத்தான் என்னைத் தெரியும் இவருக்கு. பொண்ணு பாக்க வர்ற முந்தின நாள் லைன்லயே சொன்னேன், எனக்கு இப்படி ஒண்ணு இருக்குன்னு. "அதனால என்னங்க" ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கட்டிக்கிட்டேன். இப்பத் தோணுது, என்னன்னு தெரியாமலே "என்னங்க" ன்னு சொல்லியிருக்காரு மனுஷன்.

வெங்காயம் தீந்துபோச்சு. விறகெல்லாம் ஈரம்.

10-11, திங்கள்

முடிவு பண்ணியாச்சு. பு.மா. நான் சொன்னேன், இவரு தலையாட்டினாரு. மனசாரத் தலையாட்டல.

கணக்கு: வாரத்துக்கொரு பெ.மா. கொறைக்கணும், பு.மா. பாதியில ஆரம்பிச்சு ஒரு நாளைக்கு ரெண்டுன்னு ஏத்தணும். கூடவே மஞ்சள் மாத்திரை சின்னது ஒண்ணு, கொழந்தைக்கு. மிச்சமாகற பெ.மா. அரிசி டப்பாவுக்குள்ள, பொட்டலமா. வேண்டாம்னு தூக்கி எறிய பயமா இருக்கு.

நான் தப்பாத் தேர்ந்தெடுத்திருந்தா, அந்தக் கொழந்தை பெரிசாகி என்னைக் கேக்குமா?

17-11, திங்கள்

வெயில்! ஒரு மணி நேரம். எல்லாத்தையும் வெளிய போட்டுக் காய வெச்சோம்.

பு.மா. தலை சுத்துது. போர்டுல ஒவ்வொரு விளக்கும் ரெண்டாத் தெரியுது. லாட்ஜுக்குப் போக வேண்டிய ட்ரங்க் காலை மளிகைக் கடைக்குப் போட்டுட்டேன். "ஏனுங்க, ரூம்ல சுடுதண்ணி வருமா?" "சுடுதண்ணி இல்லீங்க, தேங்காயெண்ணெய்தான் இருக்குது." சேலம் போர்டு லட்சுமி லைன்ல கேட்டுச் சிரியோ சிரின்னு சிரிச்சா. ஆறு வருஷமாப் பேசறோம், ஒருத்தரையொருத்தர் பாத்ததே இல்ல.

லை.க. இல்ல. மொத வாரம் பாஸ்.

25-11, செவ்வாய்

பெ.மா. இப்ப ஒண்ணுதான். வெள்ளியோட அதும் நிக்கும்.

சுகாதார நர்ஸம்மா ஊட்டுக்கு வந்து பேரு எழுதிட்டுப் போனாங்க. ஒரு காகிதப் பொட்டலம் நெறைய வெள்ளையா சுண்ணாம்புச் சத்து மாத்திரை. நான் டூட்டியில இருந்தேன், அத்தை வாங்கி வெச்சாங்க.

கீழூட்டு அக்காவும் அத்தையும் வாசல்ல. "இரும்பு மாத்திரை தின்னா கொழந்தை அட்டக்கரியாப் பொறக்குமுங்க. என்ற மருமவளுக்கு அப்படித்தானாச்சு." "ஆமாங்கறேன்." நான் கறுப்பு, இவரு என்னைவிடக் கறுப்பு, இதுல இரும்பு வந்துதான் கறுக்கணுமாக்கும்.

28-11, வெள்ளி

மழை. புயலாம். கடைசி பெ.மா. காலையில போட்டாச்சு. இனி பு.மா. மட்டும். பு.மா. நாக்குல பட்டதும் மாவாட்டம் கரையுது ரெண்டு நாளா. ஈரக்காத்துல நமுத்துப்போச்சு போல. தலைசுத்தல் மட்டும் சுத்தமா நின்னுருச்சு. ஒடம்புக்குப் பழகிருச்சுன்னு நெனைக்கறேன்.

1-12, திங்கள்

நேத்து லை.க.

எழுத்து கோணல். நாக்குல எடது பக்கம் ஆழமாக் காயம். முழங்கை வீங்கிருக்கு. எடது பக்கம்தான் விழுந்தேனாம், வயித்துல படலையாம்.

நேத்து மத்தியானம். அத்தை சந்தைக்குப் போயிருந்தாங்க. நான் துணி மடிச்சுட்டிருந்தேன். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். மிச்சம் இவரு சொன்னது. சொல்ல முடியாமச் சொன்னது. "உன் கண்ணு மேல போயிருச்சு மல்லிகா. நான் கூப்பிடறேன், நீ இல்ல. செத்துப்போயிட்டேன்னு நெனைச்சேன்." எவ்வளவு நேரம்னு கேட்டேன். தெரியலன்னாரு. கடிகாரம் தலைக்கு மேலதான் தொங்குது. அழுதாரு. ஆம்பளை அழுது நான் பாத்ததில்ல, எங்கம்மா போனப்ப அப்பாவைத் தவிர.

அத்தைகிட்ட, பாசியில வழுக்கி விழுந்தேன்னு சொன்னோம். "பாத்து நடக்கக் கூடாதா சாமி" ன்னு மொளகு ரசம் வெச்சுக் குடுத்தாங்க. நாக்கு காயத்துல ரசம். உசிரு போச்சு. குடிச்சேன்.

இவரு கட்சி மாறிட்டாரு. "பழைய மாத்திரையே போடு. கொழந்தை எப்படிப் பொறந்தாலும் சரி, நீ இருக்கோணும்." எனக்கு ஆத்திரமா வந்துச்சு. எப்படிப் பொறந்தாலும்னா? முதுகு மூடாமப் பொறந்தா யாரு தூக்கிச் சுமக்கறது?

பெ.மா. கொழந்தைக்கு ஆகாது. பு.மா. எனக்குப் புடிக்கல. நேத்து புரூப் ஆயிருச்சு. அப்ப எங்க போறது நான்?

அதே நாள், சாயங்காலம்

மலைப்பாதையில மண்சரிவு. சேலத்துக்கு பஸ் இல்ல, ஜீப் இல்ல. போன்தான். அதுவும் என் போர்டுல இருந்தே. டாக்டர் நம்பரை லட்சுமி போட்டுக் குடுத்தா.

"டாக்டர், லைன் கட் ஆயிருச்சுங்க."

"எந்த லைன்? நல்லாத்தான கேக்குது?"

"இல்லீங்க. நேத்து. எனக்கு."

"யாரும்மா பேசறது? உங்களுக்கு என்ன? சத்தமாச் சொல்லுங்க."

தகரத்து மேல மழை இரைச்சல். பின்னாடி சூப்பர்வைசர். லைன்ல லட்சுமி இருக்கா, மூச்சு கேக்குது. ஆறு வருஷமா இந்த மலையில யாரு யாருகிட்ட என்ன சொன்னாலும் கேட்ட காது எனக்கு. என் விஷயத்தை மட்டும் யாரும் கேக்கக் கூடாதுன்னு நெனைச்சேன் பாரு. கத்திட்டேன்.

"வலிப்பு! எனக்கு வலிப்பு வந்துருச்சு டாக்டர். மல்லிகா பேசறேன், ஏற்காடு. மூணு மாசம்."

சொல்லிட்டேன். எழுதியும் போட்டேன்.

டாக்டரு பொறுமையாக் கேட்டாரு. ரெண்டு வழியாம். பு.மா.வை அரை கூட்டிப் பாக்கலாம், இல்ல பெ.மா.வுக்கே திரும்பலாம். ரெண்டுலயும் பயம் இருக்கு, ராத்திரிக்குள்ள முடிவு பண்ணுங்க, வெறுமனே மட்டும் இருக்காதீங்கன்னாரு. "கூட்டறதா இருந்தா மாத்திரைக்கு நடுவுல கோடு இருக்கும், அதுல ஒடைச்சா சரிபாதியா ஒடையும்."

மூணு நிமிஷம் தாண்டினா ஆபரேட்டர் குறுக்க வரணும். ஏழு நிமிஷம் பேசியிருக்கேன். கடைசியில லட்சுமி குரல்: "மல்லி, நான் ஒண்ணும் கேக்கல. என்ன வேணும்னாலும் சொல்லு." சூப்பர்வைசர் டீ வாங்கி வெச்சாரு. மூஞ்சியப் பாக்கல ரெண்டு பேரும்.

ஊட்டுக்கு வந்தேன். பெ.மா.தான்னு மனசுல முடிவே பண்ணிட்டேன். அரிசி டப்பாவுல கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்தாச்சு. ஆனாலும் ஒரு நப்பாசை. பாட்டிலைச் சாய்ச்சு ஒரு பு.மா. எடுத்து ஜன்னலோரம் வெளிச்சத்துல பாத்தேன்.

கோடு இல்ல.

இன்னொண்ணு. இல்ல. பாட்டிலையே முறத்துல கொட்டினேன். ஒண்ணுல கூட கோடில்ல. நகத்தால அழுத்துனா சுண்ணாம்பு மாவாட்டம் உதிருது. மொத வாரம் அரை அரையா நான்தான் ஒடைச்சுப் போட்டேன், கோடு இருந்துச்சே!

அத்தை பக்கத்துல அவரைக்காய் ஆய்ஞ்சுட்டு இருந்தாங்க. நிமிராமலே சொன்னாங்க: "ஆமா சாமி, நாந்தான் மாத்திப்போட்டேன். புதனன்னிக்கு. இரும்பு தின்னா கொழந்தை கறுத்துப்போகுமாமா. சொன்னா நீ எதுத்துப் பேசுவே. அதான் நர்ஸம்மா குடுத்ததைக் கொட்டி வெச்சேன். அதும் வெள்ளை, இதும் வெள்ளை."

"அத்தை, பழசை என்ன பண்ணீங்க?"

"வீசிப்போட மனசு வருமா? தண்ணியில கரைச்சு ரோசாச் செடிக்கு ஊத்திப்போட்டேன். இரும்பு செடிக்கு நல்லதுதான?"

முறத்தோட கீழ உக்காந்துட்டேன். அஞ்சு நாளா ஒடம்புல பு.மா.வே இல்ல. வெள்ளியில இருந்து பெ.மா.வும் இல்ல. நேத்து வந்ததுக்கு பு.மா. மேல பழியப் போட்டு, கொழந்தைக்கு ஆகாததை மறுபடி முழுங்க இருந்தேன். கோவம் யாரு மேல? இரும்புன்னு சொன்னது எந்த வாய்? இந்த வாய்தான்.

சொன்னேன் அத்தைகிட்ட. எல்லாத்தையும். வலிப்புங்கற வார்த்தை ரெண்டாந்தடவை கொஞ்சம் லேசா வருது.

அத்தை கை நின்னுபோச்சு. "எம்பையனுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"அப்ப நான் ஒருத்திதான் கேனச்சி. என்னைய நம்பலயில்ல நீ."

"கிளியூர்க்காரங்க பொண்ணுக்கு வந்தப்ப, இதை எவன் தலையிலடா கட்டுனாங்கன்னு சொன்னது யாருங்க? எப்படி நம்பறது?"

எதுத்துப் பேசிட்டேன். அத்தை எழுந்து உள்ள போனாங்க. போறப்ப ஒரே வார்த்தை: "உங்கொப்பனை வரச் சொல்லு."

2-12, செவ்வாய்

டாக்டர்கிட்ட மறுபடி பேசினேன். கரைஞ்ச கதையைக் கேட்டதும், பழைய மாத்திரை கையில இருக்கான்னுதான் மொதல்ல கேட்டாரு. பு.மா. கைக்கு வர்ற வரைக்கும் பெ.மா. போடணும், அப்புறம் பழைய கணக்குலயே பு.மா. முடிவு இந்தத் தடவை ஒரே நிமிஷம். பு.மா.தான். அது தோத்துப்போகல, அதை ஆடவே விடல.

லட்சுமி டூட்டி முடிஞ்சு மருந்துக்கடைக்குப் போய் வாங்கி, இன்னிக்குத் தொறந்த குப்பனூர் சுத்துப்பாதை வழியா வர்ற எஸ்டேட் ஜீப்புல குடுத்தனுப்பியிருக்கா. இவரு கொட்டச்சேட்டுல வாங்கிட்டு வந்தாரு. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தேன். கோடு இருக்கு.

அத்தை பேசல. சாப்பிடல. இவருகிட்ட மட்டும் ஒரு கத்து: "மூணு வருசமா அடுப்புல தனியா நிக்கறா, கெணத்துல தண்ணி சேந்தறா. உளுந்திருந்தா? சொல்லோணும்னு தோணுச்சாடா உனக்கு?"

என்னைத் திருப்பி அனுப்பிருவாங்களா?

7-12, ஞாயிறு

பஸ் ஓட ஆரம்பிச்சுருச்சு. அப்பா வந்தாரு. வெட்டறதுக்குக் கூட்டிட்டு வந்த ஆட்டுக்குட்டியாட்டம். நாற்காலி போட்டும் உக்காரல. "சம்பந்தி, தப்புதானுங்க, மறைச்சது தப்புதானுங்க" ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கு அங்கயே செத்துப்போகலாம்னு இருந்துச்சு.

அத்தை: "தப்புதான். அதைப் பொறவு பேசிக்கலாம். உங்க புள்ளைக்கு அது வந்தா என்ன பண்ணோணும்? பெத்து வளத்தவரு, உங்களுக்குத்தான தெரியும். எம்பையன் பேயறைஞ்சாப்பல நின்னானாமா. சொல்லிக் குடுங்க."

அப்பாவுக்குப் புரியவே கொஞ்ச நேரமாச்சு. அப்புறம் பாயை விரிச்சு என்னைப் படுக்கச் சொன்னாரு. ஒருக்களிச்சுத் திருப்பணும். வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. சாவிக்கொத்தெல்லாம் கையில திணிக்கக் கூடாது. இறுக்கிப் புடிக்கக் கூடாது. கடிகாரத்தைப் பாக்கணும். "இரும்பு குடுத்தா நிக்கும்பாங்களே?" ன்னு அத்தை கேட்டாங்க. "நிக்காதுங்க. அதுவா நிக்கும்." நான் பொணமாட்டம் படுத்துட்டுச் சிரிப்பை அடக்கிட்டேன். இரும்பு இந்த ஊட்டை விட்டுப் போகாது போல.

அத்தை ரெண்டு தடவை என்னை உருட்டிப் பழகிக்கிட்டாங்க. இன்னும் என்கிட்ட நேராப் பேசல. சோறு போட்டாங்க.

12-1-87, திங்கள்

அஞ்சு வாரம் எழுதல. வலிப்பு இல்ல, எழுத ஒண்ணுமில்ல. தலைசுத்தல் திரும்பி வந்துருச்சு. வரட்டும். பு.மா. உள்ள இருக்குன்னு அர்த்தம்.

இன்னிக்கு சேலத்துல ஸ்கேன். அத்தையும் வந்தாங்க. சில்லுனு ஏதோ தடவி, சின்ன டி.வி. பொட்டியில பூச்சி பறக்கற மாதிரி படம். ஸ்கேன் எடுக்கற டாக்டரம்மா கருவியை இப்படித் திருப்பறாங்க, அப்படித் திருப்பறாங்க. நான் அவங்க மூஞ்சியத்தான் பாத்துட்டுக் கெடந்தேன். அத்தை என் கட்டைவெரலைப் புடிச்சு நசுக்கறாங்க, அது அவங்களுக்கே தெரியல.

"முதுகு மூடித்தாம்மா தெரியுது. இந்த மிஷின்ல பாத்த வரைக்கும்."

பாத்த வரைக்கும். அசையுதான்னு கேட்டாங்க, இன்னும் இல்லன்னேன். வரும்னாங்க. பஸ்ஸுல அந்த வார்த்தையேதான் ஓடுச்சு. பாத்த வரைக்கும். மிச்சம் பொறந்தாத்தான்.

21-1-87, புதன்

பனி. டூட்டி மத்தியானம்தான். காலையில கீரை ஆய்ஞ்சுட்டிருந்தேன்.

எனக்குச் சில சமயம் வலிப்பு வர்றதுக்கு முன்னாடி ஒரு அடையாளம் வரும். அடிவயித்துல என்னமோ லேசா எழும்பும், துடிக்கும், அப்படியே மேல ஏறும். அஞ்சாறு விநாடிதான். இன்னிக்கு வந்துச்சு. அடிவயித்துல. துடிப்பு.

அரிவாள்மணையைத் தள்ளிட்டுக் கீழ படுத்தேன். "அத்தை! வருது!"

குடத்தைப் போட்டுட்டு ஓடி வந்தாங்க. ஒருக்களிச்சுத் திருப்பினாங்க, தலைக்குக் கீழ சேலையைச் சுருட்டி வெச்சாங்க, கடிகாரத்தைப் பாத்தாங்க. எல்லாம் அப்பா சொன்ன மாதிரியே. நான் கண்ணை மூடிக்கிட்டேன். போச்சு. பு.மா.வும் போச்சு. இனி பெ.மா.தான், இனி இந்தக் கொழந்தை என்னாகுமோன்னு ஓடுது மனசுல. இன்னொரு தடவை துடிச்சுது. போகப் போறேன்னு காத்துட்டிருக்கேன்.

போகல.

ஒரு நிமிஷம். ரெண்டு நிமிஷம். அத்தை மூச்சு கேக்குது. அடுப்புச் சத்தம் கேக்குது. மறுபடி துடிச்சுது, அதே எடத்துல. மேல ஏறல.

"அத்தை, போகலீங்க. அங்கயேதான் துடிக்குது."

"எங்க?"

காட்டினேன். ஈரக் கையை வெச்சாங்க. வெச்சுட்டு அப்படியே இருந்தாங்க. அப்புறம் என் தோள்ல ஓங்கி ஒண்ணு வெச்சாங்க. "அடிக் கிறுக்கி! இது வலிப்பில்லடி. புள்ளை!"

ரெண்டு பேரும் தரையில கெடந்து அழுதோம். குடம் உருண்டு சமையல்கட்டு பூரா தண்ணி.

டூட்டிக்கு இன்னும் அரை மணி இருக்கு. எழுதறப்பவே மறுபடி. பையனோ பொண்ணோ, முதுகு எப்படியோ, மூளை எப்படியோ, எனக்கு ஒண்ணும் தெரியாது. இருக்கு. உள்ள இருக்கு.